ஈபி பில் ஆன்லைன்ல கட்டுறது: ரெண்டு வீட்டுக்கு அஞ்சு வருஷமா கட்டுறேன், என் அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், நம்ம ஈபி ஆன்லைன் சர்வீஸ் எனக்கு ரொம்ப பிடிக்கும், 5-க்கு 4 தாராளமா குடுப்பேன். ஆனா பில் கட்டுறது ரெண்டு நிமிஷ வேலை, அதை சொல்றதுக்கு இவ்ளோ எழுத வேண்டியதில்ல. கட்டுறதுக்கு முன்னாடி அதே சைட்ல நம்ம பில்ல நாமளே பிரிச்சு பார்த்துக்கலாம், அதைத்தான் நிறைய பேர் பண்றதே இல்ல. எஸ்எம்எஸ்ல தொகை வந்துச்சா, போனை எடுத்தோமா, பின் நம்பர் போட்டோமா, முடிஞ்சுதுன்னு விட்டுடுறாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்.

நான் இருக்கிறது சென்னையில வாடகை வீடு, அப்பா அம்மா இருக்கிறது மதுரையில சொந்த வீடு. ரெண்டு வீட்டு பில்லும் என் போன்ல இருந்துதான் போகுது. முன்னாடி மதுரை வீட்டுக்கு அப்பாதான் கட்டுவாரு, அந்த வெள்ளை அட்டையை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, சில்லறை சரியா எண்ணி எடுத்துக்கிட்டு, காலைல சீக்கிரமே ஈபி ஆபீஸ் கவுன்ட்டர்ல போய் நின்னுடுவாரு. அவருக்கு அது ஒரு பழக்கம், முட்டி வலி வந்ததுக்கு அப்புறமும் விடல. நாங்க ஆன்லைன்ல மாத்தினது 2020-லதான்.

அந்த வருஷம் மார்ச் கடைசில லாக்டவுன் போட்டதும் ரீடிங் எடுக்க ஆள் வரல, முந்தின பில்லுல என்ன தொகையோ அதையே கட்டுங்கன்னு சொன்னாங்க, கட்டினோம். அப்புறம் ரீடிங் எடுத்தப்போ நாலு மாச யூனிட் மொத்தமா வந்துச்சு. அதை ரெண்டு பில்லா பாதி பாதியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஸ்லாப் (எத்தனை யூனிட் வரைக்கும் என்ன ரேட்டுங்கிற பிரிவு) போட்டு, ஏற்கனவே கட்டின காசை கழிச்சுட்டு மிச்சத்தை கேட்டாங்க. அம்மா போன் பண்ணி "ஏம்மா, வீட்ல நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம், எப்படி இவ்ளோ வரும்"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல தெரியல. அன்னைக்கு ராத்திரி உக்காந்துதான் என் வாழ்க்கைல முதல் தடவையா ஒரு கரண்ட் பில்ல முழுசா படிச்சேன். யூனிட்டை ரெண்டா வகுத்து, ஸ்லாப் போட்டு, கழிச்சு பார்த்தா தொகை சரியாத்தான் இருந்துச்சு. வெயில் காலத்துல ரெண்டு பேரும் நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்காங்க, பகல்லயும் ஃபேன், டிவி, மத்தியானம் ஏசி வேற, அப்போ வரத்தானே செய்யும்னு அம்மாவுக்கு எண்ணோட சொன்னதும்தான் அவங்களுக்கு மனசு ஆறுச்சு.

சரி, சைட் விஷயத்துக்கு வர்றேன். உங்ககிட்ட இருக்க வேண்டியது சர்வீஸ் நம்பர் மட்டும்தான், வெள்ளை அட்டைலயும் பழைய ரசீதுலயும் இருக்கும். அதுல முதல் ரெண்டு எண் மண்டலம், மதுரைன்னா 05, கோயம்புத்தூர் 03, திருச்சி 06, தென் சென்னை 09, இப்படி போகும். அதுக்கு அப்புறம் பிரிவு, பகிர்மானம், கடைசில நம்ம இணைப்பு எண். இதை புரிஞ்சு வச்சுக்கிட்டா நம்பரை தப்பா அடிக்கிற வாய்ப்பு குறையும், ஏன்னா தப்பு நம்பர் போட்டா யாரோ ஒருத்தர் பில்ல நாம கட்டிடுவோம். ஸ்க்ரீன்ல வர்ற பேரை ஒரு தடவை பாருங்க, எங்க மதுரை வீட்டுக்கு இன்னும் தாத்தா பேருதான் வருது, அந்த பேரை பார்த்தா சரியான வீடுன்னு எனக்கு உறுதி.

குவிக் பேன்னு ஒண்ணு இருக்கு, ரிஜிஸ்டர் பண்ணாமலே நம்பரை போட்டு கட்டிடலாம், அவசரத்துக்கு நல்லது. ஆனா ஒரு தடவை கொஞ்ச நேரம் செலவு பண்ணி லாகின் கிரியேட் பண்ணி வச்சுக்கோங்கன்னுதான் சொல்வேன். ஒரே லாகின்ல ரெண்டு மூணு வீட்டு நம்பரை சேர்த்துக்கலாம், பழைய பில், பழைய ரீடிங், கட்டின ரசீது எல்லாம் அதுக்குள்ள இருக்கும். ரசீதை டவுன்லோட் பண்ணி அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்பிடுவேன், அவரு அதை பக்கத்து கடைல பிரின்ட் எடுத்து ஃபைல் பண்றாரு, பண்ணட்டும், பேப்பர் கைல இருந்தாத்தான் அவருக்கு நிம்மதி. ரீடிங் எடுத்த நாள்ல இருந்து 20 நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள கட்டலைன்னா இணைப்பை துண்டிக்கலாம், அப்புறம் திரும்ப குடுக்குறதுக்கு தனி கட்டணம் வேற.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. சைட்ல பில் கால்குலேட்டர் ஒண்ணு இருக்கு. வீட்டு இணைப்புன்னு தேர்வு பண்ணி யூனிட் எண்ணிக்கையை போட்டா, எந்த ஸ்லாப்புக்கு எவ்ளோன்னு பிரிச்சு காட்டிடும். என்னைக் கேட்டா அந்த சைட்லயே உருப்படியான விஷயம் இதுதான்.

நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு, 2025 கணக்குப்படி முதல் 100 யூனிட் ஃப்ரீ, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் 500 யூனிட்டுங்கிற கோடு. 2024 ஜூலைல வந்த ரேட்டை வச்சு சொல்றேன், அடுத்த வருஷம் ஏத்தினப்போ வீட்டு இணைப்புகளுக்கு அந்த உயர்வை அரசாங்கமே ஏத்துக்கிச்சு, அதனால 2025-லயும் நம்ம கைல இருந்து போனது அதே ரேட்டுதான். 500-க்குள்ள முடிச்சீங்கன்னா 101-ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபா 35 பைசா, 201-ல இருந்து 400 வரைக்கும் 4.70, 401-ல இருந்து 500 வரைக்கும் 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1805 ரூபா. ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆச்சுன்னா அந்த 2.35 ரேட் காணாம போயிடும், 101-ல இருந்து 400 வரைக்கும் மொத்தமும் 4.70, 401-ல இருந்து 500 வரைக்கும் அதே 6.30, 501-ல இருந்து 600 வரைக்கும் 8.40. கூட்டினா 2048 ரூபா 40 பைசா. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா!

இது எங்க வீட்லயே நடந்துச்சு. 2025 கோடைல மதுரை வீட்டு ரீடிங் 512 யூனிட், பில் 2141 ரூபா. அம்மா "போன தடவை 1700 சொச்சம்தான வந்துச்சு, நாங்க புதுசா ஒண்ணும் வாங்கலையே"ன்னு சொன்னாங்க. கால்குலேட்டர்ல 512 போட்டேன், அதே தொகை. அப்புறம் 500 போட்டு காட்டினேன், 1805. வெறும் 12 யூனிட்டுக்கு 336 ரூபா போயிருக்கு. அந்த 12 யூனிட் என்னன்னு பார்த்தா ஒண்ணு ரெண்டு ராத்திரி ஏசி ஓடினது, அவ்ளோதான். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்ப இதை முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுதான் சரியான கேள்வி.

தெரிஞ்சுக்கலாம். மீட்டர் நம்ம வீட்டு சுவத்துலயேதான இருக்கு. டிஜிட்டல் மீட்டர்ல எண்கள் மாறி மாறி வரும், தேதி, மணி, வோல்ட்டேஜ் எல்லாம் ஓடும், கேடபிள்யூஹெச்னு (kWh, அதாவது யூனிட்) போட்டு வர்ற எண்தான் நமக்கு வேணும், சில மீட்டர்ல சின்ன பட்டன் இருக்கும், அமுக்கினா அடுத்தடுத்து வரும். ரீடிங் எடுத்துட்டு போன அன்னைக்கு இருக்கிற எண்ணை எழுதி வைங்க. 60 நாளுக்கு 500 யூனிட்டுன்னா ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. 30-ஆவது நாள் போய் பார்த்து, எழுதி வச்ச எண்ணை கழிச்சா 250-க்கு கீழ இருந்தா சரியான பாதைல போறோம், 280 ஆயிடுச்சுன்னா மிச்ச முப்பது நாள் கவனமா இருக்கணும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும் இதுக்கு.

மீட்டர் முகப்புல ஒரு சிவப்பு லைட் மினுக்கிட்டே இருக்கும் கவனிச்சிருக்கீங்களா, எங்க மீட்டர்ல அது பக்கத்துல 3200 இம்பல்ஸ்னு அச்சடிச்சிருக்கு. அதாவது அந்த லைட் 3200 தடவை மினுக்கினா ஒரு யூனிட். போன தடவை ஊருக்கு போனப்போ நானும் அம்மாவும் மீட்டர் முன்னாடி நின்னு எண்ணினோம். ஃபேன், ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுறப்போ நிதானமா விட்டு விட்டு அடிக்குது. அப்பாவை உள்ள போய் ஏசியை போட சொன்னோம், கொஞ்ச நேரத்துல கம்ப்ரஸர் எடுத்ததும் லைட் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. ஒரு நிமிஷத்துக்கு 80-ன்னு வந்தா ஒன்றரை கிலோவாட் ஓடுதுன்னு அர்த்தம், நாங்க எண்ணினப்போ அதுக்கு ரொம்ப கிட்ட வந்துச்சு. கெய்சரை போட்டா இன்னும் வேகம். அம்மா அதுக்கு அப்புறம் கெய்சர் ஸ்விட்ச்சை யாரு அணைக்காம விட்டாலும் விடுறதில்ல. நான் வருஷக்கணக்கா சொல்லி கேக்காத விஷயம், அந்த லைட்டை நேர்ல பார்த்ததும் புரிஞ்சிடுச்சு.

அந்த கணக்கு போட்டப்போ இன்னொண்ணும் தெரிஞ்சுது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், தினமும் 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 67 யூனிட். கரண்ட் கம்மியா இழுக்குற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான், அதே நேரம் ஓடினா 27 யூனிட். ஹால்லயும் பெட்ரூம்லயும் ரெண்டு ஃபேனை மாத்தினோம், 80 யூனிட் அப்படியே குறையும். 500 கோட்டுக்கு கிட்ட நிக்கிற வீட்டுக்கு இந்த 80 பெரிய விஷயம்.

கட்டுறதுக்கு ஜிபே, போன்பே, பேடிஎம்னு எதுல வேணா கட்டலாம், பில் தகவல் தானா வந்துடும். யுபிஐல கட்டுறவங்களுக்கு நல்ல வசதி, கார்டுன்னா கூடுதல் கட்டணம் எதுவும் சேருதான்னு கடைசி ஸ்க்ரீன்ல பார்த்துட்டு அமுக்குங்க. ஆனா இந்த மாதிரி ஆப்ல பெரும்பாலும் தொகையும் கடைசி தேதியும்தான் தெரியும், யூனிட் தெரியாது. அதனால நான் பார்க்குறது ஈபி சைட்ல, கட்டுறது எதுல வசதியோ அதுல.

ஒரு தடவை ஒரு பேமென்ட் ஆப்ல கட்டினேன், பேர் வேண்டாம், பேங்க்ல இருந்து காசு போயிடுச்சு, ஆப்ல "ப்ராசசிங்"னே நின்னுச்சு. கடைசி தேதிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, எனக்கு ஒரே பதட்டம், மதுரைல கரண்டை புடுங்கிட்டா வயசானவங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்கன்னு. அப்பாகிட்ட சொன்னதும் அவரு நேரா கவுன்ட்டர்ல போய் இன்னொரு தடவை கட்டிட்டு வந்துட்டாரு. அன்னைக்கு சாயங்காலமே என்னோடதும் வரவு ஆயிடுச்சு. ரெண்டு தடவை கட்டினது வீணா போகல, கூடுதல் தொகை நம்ம கணக்குலயே நின்னு அடுத்த பில்லுல கழிஞ்சுது. அதுல இருந்து நான் பண்றது, கடைசி நாள் வரைக்கும் இழுக்குறதில்ல, ரீடிங் வந்த ஒரு வாரத்துக்குள்ள கட்டிடுவேன். கட்டினதும் டிரான்சாக்ஷன் நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, மறுநாள் ஈபி சைட்ல போய் நிலுவை இல்லைன்னு காட்டுதான்னு பார்ப்பேன். ஆப்ல பச்சை டிக் வந்தா மட்டும் பத்தாது.

சில நேரம் பில்லுல கரண்ட் கட்டணத்துக்கு கீழ ஏசிசிடின்னு ஒரு தொகை சேர்ந்து வரும், அதை பார்த்து யூனிட்டை தப்பா போட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. அது கூடுதல் டெபாசிட், நம்ம பயன்பாடு கூடினதால ஏற்கனவே இருக்கிற டெபாசிட் பத்தலைன்னு கேக்குறது. நம்ம காசுதான், வட்டியும் கணக்குல வரவு வைப்பாங்க. இந்த தொகை பில்லுல தனி வரியா இருக்கும், மொத்தத்தை மட்டும் பார்த்தா பிடிபடாது.

அப்புறம் இந்த ஏமாத்து மெசேஜ். இதை பெரியவங்க இருக்கிற வீட்ல எல்லாம் சொல்லி வைக்கணும், கெஞ்சி கேட்டுக்கிறேன். "போன மாச பில் அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி 9.30-க்கு உங்க கரண்ட் கட், உடனே இந்த அதிகாரியை கூப்பிடுங்க"ன்னு ஒரு செல் நம்பர் போட்டு வரும். அப்பாவுக்கு வந்துச்சு. கூப்பிட்டா ஒரு ஆப்பை இறக்க சொல்றான், அதை இறக்கினா நம்ம போன் ஸ்க்ரீன் முழுக்க அவனுக்கு தெரியும், ஓடிபி உட்பட. அப்பா கூப்பிட்டுட்டாரு, ஆப் இறக்க சொன்னப்போ கண்ணாடி எங்கன்னு தேடிட்டு இருந்த நேரத்துல அம்மா எனக்கு போன் அடிச்சதால தப்பிச்சோம். அப்பாவுக்கு அன்னைக்கு ஈபின்னு நம்பிக்கை வந்ததுக்கு காரணமும் இருக்கு, பேரே மாறிட்டே இருக்குல்ல. 2010-ல மின் வாரியத்தை பிரிச்சு டான்ஜெட்கோன்னு ஆச்சு, 2024-ல அதையும் பிரிச்சு இப்போ பகிர்மானம் பார்க்குறது டிஎன்பிடிசிஎல். ரசீதுல ஒரு பேரு, பழைய அட்டைல ஒரு பேரு, வாய்ல எல்லாருக்கும் ஈபி, இதுல எது உண்மை எது பொய்னு 70 வயசுக்காரருக்கு எப்படி தெரியும். நான் அவருக்கு சொல்லி வச்சது ரெண்டே விஷயம், பில் பாக்கியான்னு சைட்லதான் பார்க்கணும், யாரு சொன்னாலும் ஆப் இறக்க கூடாது. சந்தேகம்னா ஈபியோட புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு கூப்பிடுங்க. காசு போயிடுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு அடிங்க.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. முன்னாடி இருந்த வீட்ல எங்களுக்குன்னு தனி சர்வீஸ் கிடையாது, சப் மீட்டர் வச்சு ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபா வாங்கினாரு. 210 யூனிட்டுக்கு 1890 ரூபா கட்டிருக்கேன். அதே 210 யூனிட்டை தனி இணைப்புக்கு கால்குலேட்டர்ல போட்டா 282 ரூபாதான் காட்டுது! ஒரு வருஷத்துல ஆறு பில், நீங்களே பெருக்கி பாருங்க. அந்த காசுல ஒரு மாச வாடகையே கட்டலாம் போல. எனக்கு கணக்கு தெரியாததால ரெண்டு வருஷம் வாயை மூடிட்டு கட்டினேன். அதனால இப்போ இருக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி முதல்ல கேட்டதே சர்வீஸ் நம்பர்தான். இந்த ஓனர் அம்மா நல்லவங்க, அட்டையை எடுத்து குடுத்தாங்க, அவங்க முன்னாடியே உக்காந்து பார்த்தேன், பாக்கி ஒண்ணும் இல்ல, தனி வீட்டு இணைப்புதான். அதுக்கு அப்புறம்தான் அட்வான்ஸ். வீடு பார்க்கப் போறப்போ தண்ணி வருதான்னு குழாயைத் திறந்து பார்க்குறோம்ல, அதே மாதிரி இதையும் கேளுங்க.

அந்த ஒரு மார்க் எதுக்கு குறைச்சேன்னா, கால்குலேட்டர் காட்டுற அந்த ஸ்லாப் பிரிப்பு எல்லார் போனுக்கும் பில்லோட சேர்ந்து தமிழ்ல வந்தா எப்படி இருக்கும்னு தோணுது. 487 யூனிட், கோட்டுக்கு இன்னும் 13 இருந்துச்சுன்னு ஒரு வரி போதும். லாகின் போட்டு உள்ள போய் தேடிப் பார்க்க என்னை மாதிரி ஆளுங்களுக்கு முடியும், எங்க தெருவுல பெரிய மனுஷங்க பல பேருக்கு முடியாது, இப்போ அவங்க அட்டையை எடுத்துக்கிட்டு எங்க அம்மாகிட்டதான் வர்றாங்க.

அம்மா ஒவ்வொரு சுத்துலயும் 30-ஆவது நாள் மீட்டரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுறாங்க, காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க. இந்த தடவை போட்டோ நேத்து வந்துச்சு, 238 யூனிட். ஏசி ஃபில்டரை கழட்டி கழுவ சொல்லிருக்கேன், ஞாயித்துக்கிழமை அப்பா பண்றேன்னாரு.